தொண்ணூற்றெட்டுப் பேரின் சாட்சி

நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து ஊரில் நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கும் வைத்தியர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் நிற்கும். குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு, கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அம்மியில் அரைத்த இலையைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, வெல்லத்துக்குள் வைத்து நாக்கில் போடுவார். அதன்பிறகு 48 நாள் பத்தியம். கவிச்சி கூடாது, நல்லெண்ணெய் கூடாது, அகத்திக்கீரையும் பாகற்காயும் தொடவே கூடாது. தொட்டால் மருந்து முறிந்துவிடும். காசு கேட்க மாட்டார். வெற்றிலை பாக்கில் வைத்து எதைக் கொடுத்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். அப்பாவும் தாத்தாவும் சொல்லிக்கொடுத்த மருந்து. "எங்கிட்ட மருந்து வாங்கி, பத்தியம் இருந்த யாரும் சாகல" என்பார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனாரை நாய்க்குட்டி கடித்தது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டைவிரலில் பல் பட்ட கீறல். அவரும் அந்தத் திண்ணைக்குத்தான் போனார். பத்தியம் இருந்தார். பத்தியம் முடிந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது, ஆறிப்போன அந்த விரலில் குறுகுறுப்பு வந்தது. அடுத்த நாள் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டியபோது அவருக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. தாகம் தாளவில்லை, ஆனால் டம்ளர் உதட்டருகே வந்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அந்தக் காற்றுகூட ஆகவில்லை. நடுநடுவே நன்றாகத் தெளிந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். நான்காம் நாள் இறந்துபோனார். திண்ணைக்குச் செய்தி போனது. "பத்தியம் முறிச்சாரா?" என்று வைத்தியர் கேட்டாராம். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் பாகற்காய் சாப்பிட்டதாக யாரோ சொன்னார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் திண்ணையில் கூட்டம் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? நோய் வந்துவிட்டால் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு பேரையும் கொல்லும் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கு, ஒரு வேலையும் செய்யாத மருந்து எப்படி மூன்று தலைமுறையாக நல்ல பெயரோடு இருக்க முடிகிறது? ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால், நேர்மையான அந்தக் கிழவரையும் புரிந்துகொள்ள முடியாது, அவரை நம்பிப் போன நூற்றுக்கணக்கான குடும்பங்களையும் புரிந்துகொள்ள முடியாது. விடை நோயின் குணத்தில்தான் இருக்கிறது.

கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்கள் அல்ல. குட்டி போட்டிருந்தால் கடிக்கும், வாலை மிதித்தால் கடிக்கும், பயந்தால் கடிக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 4 லட்சம் பேருக்கு மேல் நாய்க்கடியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதில் வைரஸ் உள்ள நாய் கடித்தவர்கள் சிறு பகுதிதான். அப்புறம், வெறிநாயே கடித்து ஊசி எதுவும் போடாமல் விட்டாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அன்றைக்கு எச்சிலில் எவ்வளவு வைரஸ் இருந்தது, கடி எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், நடுவில் வேட்டியோ பேன்ட்டோ இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது அது. தலையிலும் முகத்திலும் கடி வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக்கூட நோய் வரலாம். காலில் என்றால் அதிகபட்சம் பத்தில் ஒருவருக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வெறிநாய் கடித்தவர்களில் சுமாராக ஐந்தில் ஒருவருக்கு வருகிறது.

இப்போது திண்ணைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓராண்டில் 100 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பேரைக் கடித்தது நிஜமான வெறிநாய். அந்தப் பத்துப் பேரில் 2 பேருக்கு நோய் வரும். மீதி 98 பேர், பச்சிலை சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் சரி, பிழைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் சாப்பிட்டார்கள்; பிழைத்தார்கள். பொங்கலுக்கு வைத்தியர் வீட்டுக்குத் தட்டு கொண்டுவருகிறார்கள். அடுத்த தெருவில் யாரையாவது நாய் கடித்தால் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். ரேபிஸுக்கு அடைகாலம் என்று ஒன்று உண்டு. கடித்த நாளிலிருந்து நோய் தெரியும் நாள்வரை பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அதனால் அந்த 2 பேரும் திண்ணையை விட்டுப் போய் வெகுநாள் கழித்து, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் வீட்டார் வந்து சொன்னாலும் பத்தியம் என்ற பதில் தயாராக இருக்கிறது. 48 நாள் பத்தியத்தை முடி அளவுகூடத் தவறாமல் இருந்தேன் என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்?

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! எந்த மருந்துக்கடை மாத்திரைக்கும் இப்படி ஒரு பெயர் கிடைக்காது. அந்த வைத்தியர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார். பார்க்க முடியாமல் போனது இரண்டு பேரை. கூடவே, மருந்தே கொடுக்காமல் விட்ட நூறு பேரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இந்தக் கேள்வியை, ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரிடமும் கேட்டார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1885 ஜூலை 6-ம் தேதி, அல்சேஸ் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அவருடைய மேற்பார்வையில் ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டது. உடம்பில் 14 இடத்தில் கடி. சில நாட்களுக்குள் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். உலகமே கொண்டாடியது. ஆனால் பாரிஸ் மருத்துவர்களிலேயே சிலர் கொண்டாட மறுத்தார்கள். "ஊசி போடாமல் விட்டிருந்தாலும் அவன் பிழைத்திருக்கலாமே? கடிபட்ட எல்லோருக்குமா நோய் வருகிறது?" என்று கேட்டார்கள். எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனால் முழுக்க நியாயமான கேள்வி.

பாஸ்டர் தரப்பு அதற்குப் பதில் தேடிய விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வந்தவர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். கடித்த நாய்க்கு வெறி இருந்தது என்று சோதனைக்கூடத்திலேயே நிரூபிக்கப்பட்டவர்கள் ஒரு பட்டியல். கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்து உறுதி சொன்னவர்கள் இன்னொன்று. வெறும் சந்தேகம் மட்டும் உள்ளவர்கள் மூன்றாவது. முதல் பட்டியலில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதுதான் கேள்வி. 1886-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழுவும் வெளியிலிருந்து வந்து சோதித்தது. குழுவின் செயலாளர் விக்டர் ஹார்ஸ்லி பிரான்ஸுக்குப் போய், ஊசி போட்டுக்கொண்ட 90 பேரை வீடு வீடாகத் தேடிப் பார்த்தார். சந்தேகமே இல்லாத வெறிநாயிடம், துணி மறைக்காத இடத்தில் கடி வாங்கி, புண்ணுக்கு வேறு வைத்தியம் எதுவும் செய்துகொள்ளாதவர்கள் என்று வடிகட்டியபோது 24 பேர் நின்றார்கள். ஊசி இல்லையென்றால் இந்த 24 பேரில் குறைந்தது 8 பேர் இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒருவரும் இறக்கவில்லை.

பாஸ்டரின் ஊசிக்கும் திண்ணைப் பச்சிலைக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒன்று பாரிஸில் பிறந்தது, ஒன்று நம் ஊரில் முளைத்தது என்பதால் வந்த வித்தியாசம் கிடையாது. வெள்ளைக்காரர் மருந்து என்று எங்கள் தாத்தா காலத்தில் சந்தேகப்பட்டார்கள்; அந்தச் சந்தேகத்துக்கு அது பதில் சொல்லிவிட்டது. பச்சிலையிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

நம் ஊர்க்காரர்கள் ஊசியை விட்டுத் திண்ணைக்கு ஓடியதற்குச் சரியான காரணங்களும் இருந்தன. அவற்றையும் சொல்லியாக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் நாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது தடுப்பூசி இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த பணத்தின் உதவியோடு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. கடிபட்டவர்கள் மலை ஏறிப் போய் நாள்கணக்கில் தங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூலி வேலைக்காரர் எப்படிப் போவார்? பின்னால் ஊசி ஊர் ஊராக வந்தது, ஆனால் அது செம்பிள் ஊசி. வைரஸ் ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து எடுத்துச் செய்வார்கள். தொப்புளைச் சுற்றி 14 நாள், கனமாக, வலியோடு போடுவார்கள். அதிலிருந்த மூளைத் திசுவால் சிலருக்குக் கை கால் விளங்காமல் போனதும் உண்டு. "நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாறு ஊசி" என்று இன்றும் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களே, அந்தப் பயத்தின் வேர் அதுதான். இந்தியாவில் அந்த ஊசித் தயாரிப்பு 2004 டிசம்பரோடுதான் நின்றது. இப்போது போடுவது செல்களில் வளர்த்த வைரஸைச் செயலிழக்கச் செய்து உருவாக்கும் தடுப்பூசி. கையின் மேல்பகுதியில், தோலுக்குள், துளித்துளியாக. வயிற்றின் பக்கமே போவதில்லை. ஆனால் ஊசி மாறிய அளவுக்கு ஊரில் பேச்சு மாறவில்லை.

உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். அத்தனையும் ஊசியால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

ரேபிஸைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம், இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற நோய்களில் வரும் "குணமாக்கிக் காட்டுகிறேன்" பேச்சுகளும் எங்கே காலூன்றுகின்றன என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு கொடிய தொற்றுநோய்க்கும் உள்ளே ஓர் இடைவெளி இருக்கிறது. ரேபிஸில் அது கடிபட்டதற்கும் நோய் வருவதற்கும் நடுவே உள்ள மாதங்கள். எச்.ஐ.வி.யில் அது பத்தாண்டு. டெங்குவில் இரண்டு நாள்.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான்; 1986-ல், மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில். வைரஸ் உடம்புக்குள் வந்தபிறகு, மருந்தே இல்லாவிட்டாலும், சராசரியாகப் பத்தாண்டு அளவுக்குப் பெரும்பாலோர் நடமாடிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தப் பத்தாண்டுக்குள் எந்த லேகியத்தைச் சாப்பிட்டாலும் "மருந்து கேட்கிறது" என்றே தோன்றும். பயத்தில் சாப்பாடே இறங்காமல் இருந்தவர், "ஆறு மாதத்தில் சரியாகிவிடும்" என்று ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னதும் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், நாலு கிலோ கூடுகிறார். எடை கூடியதே அத்தாட்சி ஆகிவிடுகிறது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அதை யாரும் அளப்பதில்லை.

இங்கேயும் மக்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 1996 வாக்கில் வந்துவிட்டது. ஆனால் ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. 2001-ல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தரலாம் என்று அறிவித்தபிறகுதான் உலகம் முழுக்க விலை சரிந்தது. இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதல் எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில், "எய்ட்ஸ் குணமாகும்" என்று சுவரில் எழுதியிருந்த லாட்ஜ் அறைக்குப் போனவருக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? என் வருத்தமெல்லாம் 2004-க்குப் பிறகும் அந்த அறைகளில் கூட்டம் இருந்ததைப் பற்றித்தான். இலவச மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியத்துக்குப் போனவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு, உடம்பு தேறியதும் லேகியத்துக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு.

அரசே இப்படிப் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகள் பார்த்துவிட்டன. காம்பியாவில் 2007 ஜனவரியில் அதிபர் யாஹ்யா ஜாமே, மூலிகையால் எய்ட்ஸைக் குணப்படுத்தும் சக்தி தனக்கு இருப்பதாக அறிவித்தார். நோயாளிகள் சாப்பிட்டுவந்த ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லி, உடம்பில் பச்சிலைக் குழம்பைத் தானே பூசி, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். கேள்வி கேட்ட ஐ.நா. அதிகாரியை நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். அந்தச் "சிகிச்சை"யிலிருந்து தப்பிப் பிழைத்த மூன்று பேர், அவர் பதவி இழந்தபிறகு 2018-ல் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்றே சந்தேகத்தைக் கிளப்பினார். சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசிக்கொண்டிருந்தார். 2006-ல் டொரன்டோவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் அந்நாட்டின் அரங்கில் அவற்றைக் காட்சிக்கே வைத்தார்கள். 2000 முதல் 2005 வரை மருந்தைத் தாமதப்படுத்தியதால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

டெங்குவில் இடைவெளி வேறு மாதிரி. அதைத் தமிழ்நாட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தானாகவே தேறிவிடுவார்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் இறங்கும். இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான். அடுத்த ஒன்று, இரண்டு நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது? மூன்று நாளாகக் கஷாயம் கொடுத்தார்கள், இன்றைக்குக் காய்ச்சல் விட்டது. "கஷாயம் வேலை செஞ்சிருச்சு, இனி பயமில்லை" என்று எல்லோரும் அசந்து தூங்குகிறார்கள். நிலவேம்பு குடித்ததால் அந்தக் குழந்தைக்குக் கெடுதல் வந்தது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியதை மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விடுகிறோமே, அதுதான் கெடுதல்.

தொட்டால் ஒட்டும் எபோலா என்ற கொடிய நோயில் நம்பியவரோடு சேதம் நிற்கவில்லை. 2014-ல் சியரா லியோனில், கினி எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில், எபோலாவைக் குணப்படுத்துவதாகச் சொன்ன பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். எல்லை தாண்டி நோயாளிகள் வந்தார்கள். தொட்டு வைத்தியம் பார்த்தவருக்கும் நோய் ஒட்டியது, இறந்தார். ஊரே மதித்த மனுஷி, சாவுக்கு நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள், வழக்கப்படி உடலைத் தொட்டுக் கழுவினார்கள். அந்த ஒரு சாவு வீட்டிலிருந்து கிளம்பிய தொற்றுச் சங்கிலிகளில் 365 பேர் வரை இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. அந்தப் பெண்ணும் தன் மருந்தை நம்பியவர்தான். நம்பாதவர் எபோலா நோயாளியைக் கையால் தொடுவாரா?

சரி, அலோபதியில் மட்டும் இப்படி நடக்கவில்லையா என்று கேட்பார்கள். நடந்தது. 2020-ல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை உலகமே அள்ளி அள்ளிக் கொடுத்தது. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். கொரோனாவில் எப்படியும் பெரும்பாலோர் பிழைப்பார்கள். மறுபடியும் அதே திண்ணைக் கணக்கு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. பிரிட்டனில் ரெக்கவரி என்ற பெரிய ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்து கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. 2020 ஜூனில் முடிவு வந்தது. அதே ஆய்வு, அதே மாதம், டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டது. ஒன்று போனது, ஒன்று நின்றது. நம் ஊரில், கொரோனாவிலிருந்து தேறியவரின் ரத்த நீரை எடுத்து ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சைக்காகக் குடும்பங்கள் ராத்திரியெல்லாம் ஆள் தேடி அலைந்தது நினைவிருக்கும். 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வில் அதனால் பயனில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் இந்திய சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. மிகவும் தாமதம்தான். ஆனால் நீக்கினார்கள். திண்ணை மருந்து எதுவும் இப்படிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

பாரம்பரியத்துக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. மலேரியாவுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் சீன நாட்டு மருத்துவத்திலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் தூ யூயூ என்ற ஆய்வாளர் பழைய ஏடுகளைப் புரட்டி, நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலிகை ஒரு தடவை வேலை செய்தது, அடுத்த தடவை செய்யவில்லை. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தார். இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள், காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பிடிபட்டது. குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்தார். எலியிலும் குரங்கிலும் பார்த்துவிட்டு, முதலில் தானே குடித்துப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு வந்தது. ஏட்டில் இருந்த வரியை அவர் மதித்தார், மதித்ததால்தான் சோதித்தார். நம் சித்தர் பாடல்களுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று ஏங்குபவன் நான். "எங்கள் முன்னோர் சொன்னது, சோதிக்காதே" என்று கத்துகிறவர்கள் அதற்கு வழி அடைக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்றே ஒன்று உண்டு. அதில் முதல் பெயர் எய்ட்ஸ். சுவர் விளம்பரத்தை அது தடுக்கலாம். "என் மச்சானுக்கு அங்கேதான் சரியாச்சு" என்ற பேச்சைத் தடுக்காது.

அந்தப் பேச்சு வரும்போது ஒரே ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பழகலாம்: "மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் உங்கள் மச்சானுக்கு என்ன ஆகியிருக்கும்?" சண்டையாக வேண்டாம், அக்கறையாகவே கேட்கலாம்.

நாய் கடித்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது இன்றே தேவைப்படலாம். குழாயடியில் உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். சாதாரண துணி சோப்பே போதும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அவை புண்ணைக் கிளறும், கழுவுவதையும் கெடுக்கும். அன்றைக்கே ஊசி. முதல் நாளை 0 என்று வைத்து 3, 7, 28-ம் நாட்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் புண்ணுக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். அது அங்கே இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று கேட்டு அன்றே போய்விடுங்கள். வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. அது போய்ச் சேர்வதற்குள் தடுப்பாற்றல் உருவாக வேண்டும். அடைகாலம் என்ற அந்த இடைவெளியில்தான் ஊசியும் வேலை செய்கிறது. நாயைக் கட்டிப்போட்டுப் பார்க்க முடிந்தால் பாருங்கள்; பத்து நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பெரியவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது திண்ணையில் உட்காருவது அவர் மகன். போன வருடம் ஊருக்குப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாக நடந்தேன். கூட்டம் குறைவு, ஆனால் அம்மி அப்படியே இருந்தது. ஓர் அம்மா பையனை முன்னால் தள்ளினார். பையனின் கெண்டைக்காலில் பல் பட்ட தழும்பு. வைத்தியரின் மகன் இலை உருண்டையை எடுக்கவில்லை. "ஊசி போட்ட சீட்டு எங்கேம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பிரித்து, தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, "மூணாவது ஊசி புதன்கிழமை. அதையும் போட்டுட்டு வாங்க, அப்புறம் தர்றேன்" என்று திருப்பிக் கொடுத்தார்.